68,000 போச்சு: கேபிளை மூடி மறைப்பதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்

கோபம் இன்னும் தணியவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 68,000. அலுவலகத்துக்கு நெட்வொர்க் கேபிள் இழுக்க நான் கொடுத்த பணம். நேற்று மாலை அந்தக் கேபிளில் பாதியைப் பிய்த்து ஒரு சாக்குப்பையில் கட்டி வாசலில் வைத்திருக்கிறேன். இதே வேலைக்கு ஆள் தேடுகிறவர்களுக்குக் கடைசியில் பத்து யோசனை சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

எங்களுடையது சின்ன டிசைன் அலுவலகம். 12 கணினி, 4 கேமரா, கோப்புகளை வைக்க ஒரு சர்வர். வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஓர் ஆன்லைன் தளம் இருக்கிறது, பெயர் வேண்டாம். அதில் நல்ல மதிப்பீடு உள்ள ஒருவரைப் பிடித்தேன். வந்தவர் நிதானமானவர். மேஜையில் உட்கார்ந்து ஒரு தாளில் படம் போட்டார். நடுவில் ஒரு பெரிய சுவிட்ச் (எல்லா மிஷினையும் ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் பெட்டி), அதிலிருந்து ஒவ்வொரு கணினிக்கும் கேமராவுக்கும் தனித்தனிக் கோடு, மொத்தம் 16. "இதுதான் சார் ஸ்டார் லேஅவுட். ஒரு கேபிள் போனா அந்த ஒரு மிஷின் மட்டும்தான் படுக்கும், மத்ததுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். சொன்னது முழுக்க உண்மை. அதனால்தான் ஏமாந்தேன். விஷயம் தெரிந்தவர் பொய் சொல்ல மாட்டார் என்று நினைத்துவிட்டேன்.

அப்புறம் அந்த டெஸ்டர். வேலை முடிந்த அன்று கேபிளின் இரண்டு முனையிலும் சின்னப் பெட்டிகளை மாட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டு பச்சை விளக்குகளும் வரிசையாக எரிந்தன. "கேட் 6, பக்கா காப்பர். மத்த 15-ம் இதே மாதிரிதான் சார்." கேட் 6 என்பது நெட்வொர்க் கேபிளின் ஒரு தரம். நான் தலையாட்டிவிட்டு 68,000-இல் மீதியிருந்ததை அங்கேயே அனுப்பிவிட்டேன். அந்த விளக்குகள் கம்பி இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகிறதா என்பதை மட்டும்தான் சொல்லும். கம்பி எதனால் செய்தது, ஜிகாபிட் வேகத்தை (நொடிக்கு 1,000 மெகாபிட்) தாங்குமா என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

முதல் வாரத்திலேயே இரவானால் கேமராக்கள் அணைந்து அணைந்து எரிய ஆரம்பித்தன. பகலில் ஒரு குறையும் இல்லை. ஃபோன் பண்ணினேன். "சுவிட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." பண்ணினேன். மூன்றாவது வாரம் கோப்புகள் திறக்கவே நேரம் பிடித்தது, வேகம் 100 மெகாபிட்டைத் தாண்டவில்லை. "உங்க கம்ப்யூட்டர் பழசு சார்." ஆறு மாதம்கூட ஆகாத கணினிகள்! அதற்கப்புறம் அவர் ஃபோனை எடுக்கவில்லை. தளத்தின் சாட்டில் கேட்டால், "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம், வேலை முடிந்ததாக நீங்களே உறுதி செய்திருக்கிறீர்கள்" என்று பதில். மறுபடி கேட்டேன், அதே வரி. மூன்றாவது முறை புகாரையே மூடிவிட்டு, சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டார்கள். 68,000 கொடுத்தும் எனக்கு ஒரு நட்சத்திர லேஅவுட்கூடக் கிடைக்கவில்லை, இவர்களுக்கு ஐந்து வேண்டுமாம்.

நேற்று காலை உச்சம். மேஜையை நகர்த்தும்போது தொங்கிக்கொண்டிருந்த ஒரு ஒயரின் முனையை யாரோ நல்லெண்ணத்தில் பக்கத்துச் சுவரில் இருந்த நெட்வொர்க் சாக்கெட்டில் செருகிவிட்டார்கள். அதன் மறுமுனை ஏற்கெனவே இன்னொரு சாக்கெட்டில் இருந்தது. அவ்வளவுதான், மொத்த அலுவலகமும் உறைந்துவிட்டது. நெட்வொர்க் வேலை பார்க்கும் ஓர் அண்ணனைக் கெஞ்சி வரவழைத்தேன். "தம்பி, லூப் ஆயிருக்கு. எல்லாருக்கும்னு அனுப்புற டேட்டா பாக்கெட் வட்டத்துக்குள்ள மாட்டினா சுத்திக்கிட்டே இருக்கும், அதுக்கு ஆயுசு முடியாது. ஆனா நீ வாங்கின பெரிய சுவிட்ச்ல ஸ்பானிங் ட்ரீ இருக்கே, அது இதைக் கண்டுபிடிச்சு வழியை அடைச்சிருக்கணுமே?" என்று சொல்லிக்கொண்டே ஃபால்ஸ் சீலிங்கின் ஒரு பலகையைத் தள்ளினார்.

மேலே மூன்று சின்ன மலிவு சுவிட்சுகள், ஒன்றின் வாலில் இன்னொன்று. 12 கணினிகளும் அதில்தான் தொங்குகின்றன. வட்டம் விழுந்ததும் இவற்றுக்குள்தான், இவற்றில் ஸ்பானிங் ட்ரீ இல்லை. பெரிய சுவிட்சிலிருந்து கிளம்புவது ஐந்தே கேபிள். கேமராவுக்கு நான்கு, இந்தச் சங்கிலிக்கு ஒன்று. பேட்ச் பேனலில் (கேபிள்கள் வந்து முடியும் பலகை) 16 ஒயரும் சீராகக் கட்டி, லேபிள் ஒட்டி, பார்க்க அவ்வளவு அழகு. பின்னால் 11-இல் கம்பியே இல்லை. சுவிட்சில் அந்த 11-க்கும் விளக்கு எரியாமல் இருந்ததை இத்தனை நாளும் நான் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. சங்கிலிக்குப் போகும் அந்த ஒற்றைக் கேபிளில் ஒரு கம்பி முனையில் முறிந்திருந்தது. கேபிளுக்குள் எட்டுக் கம்பி, நான்கு ஜோடி. ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டு போதும். அதனால் இணைப்பு அறுந்துபோகாமல் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிட்டது. அந்த 100-ஐத்தான் 12 பேரும் பங்கு போட்டிருக்கிறோம்.

ஏன் முறிந்தது? அண்ணன் கத்தியால் கம்பியை லேசாகச் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியம்! சிசிஏ என்பார்கள், அலுமினியத்துக்குச் செம்பு முலாம். கேபிளின் மேல் 'கேட் 6' என்று அச்சடித்திருக்கிறது. ஆனால் கேட் 6 தரம் கேட்பது முழுச் செம்பை, சிசிஏ அதற்குள் வரவே வராது. செம்பு கடத்துவதில் அலுமினியம் ஏறத்தாழ 60 சதவீதம்தான் கடத்தும், சில முறை மடக்கினால் ஒடியும். கேமரா மர்மமும் அப்போதுதான் விளங்கியது. அவற்றுக்கு மின்சாரமும் இதே கேபிளில்தான் போகிறது. இதற்குப் பெயர் பிஓஇ. சாதாரண பிஓஇ-யில் சுவிட்ச் 15.4 வாட் கொடுத்தால், 100 மீட்டர் நல்ல கேபிளைத் தாண்டியும் 12.95 வாட் போய்ச் சேரும் என்பது கணக்கு. இருட்டியதும் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியும், தேவை கூடும், இந்தக் கம்பியில் வோல்டேஜ் இறங்கும், கேமரா அணையும். ராத்திரியில் திருடன் வரும் நேரம் பார்த்து அணைகிற கேமராவுக்கு 68,000!

பத்து யோசனை என்றேன். சீலிங்கைப் பிரிக்க ஆள் வந்து நிற்கிறார், நினைவுக்கு வருவதை மட்டும் சொல்கிறேன். கேபிள் பெட்டியைத் தூக்கிப் பாருங்கள், முழுச் செம்பு கனக்கும். ஒரு முனையைச் சுரண்டுங்கள், வெள்ளையாகத் தெரிந்தால் அப்படியே திருப்பி அனுப்புங்கள். கூரையை மூடுவதற்கு முன்னால் ஏணி போட்டு நீங்களே ஏறிப் பார்த்து, படத்தில் எத்தனை கோடோ அத்தனை கேபிள் இருக்கிறதா என்று எண்ணுங்கள். பச்சை விளக்கை நம்பி மீதிப் பணத்தை அனுப்பாதீர்கள். ஒவ்வொரு கேபிளுக்கும் சான்று தரும் டெஸ்டரின் அறிக்கையைக் கேளுங்கள். அதை வாடகைக்கு எடுக்கச் செலவாகும் என்பார்கள், ஆகட்டும், 68,000 ஆகாது. தளத்தில் 'வேலை முடிந்தது' பொத்தானை ஒரு மாதம் கழித்து அழுத்துங்கள்.

சரி, ஏணி கேட்கிறார்கள்.