டாட்டூ குத்தி 14 மாசம் கழிச்சு எழுதுற ரிவ்யூ

டாட்டூ ஸ்டூடியோவுக்கு எல்லாரும் குத்தி முடிச்ச அன்னைக்கே அஞ்சு ஸ்டார் போட்டுட்டுப் போயிடறாங்க. கை சிவந்து வீங்கிப் போய் மேல பளபளன்னு ஒரு க்ரீமோட போட்டோ, "வேற லெவல்"னு ஒரு வரி, முடிஞ்சுது. அன்னைக்கு எல்லா டாட்டூவும் நல்லாத்தாங்க இருக்கும். தோல் உரிஞ்சு, ஆறி, வெயில் பட்டு, ஒரு வருஷம் ஓடுன பிறகு என்ன மிச்சம் நிக்குதுங்கறது தான் ரிவ்யூ, அதுக்காகத்தான் வேணும்னே 14 மாசம் பேசாம இருந்தேன். குறையும் சொல்லப் போறதால கடை பேர் போடல, கமெண்ட்ல கேக்காதீங்க.

முதல்ல நான் கேட்டது வேற. புஜத்த சுத்தி ஒரு பட்டை, நெட்ல பாத்த மவோரி டிசைன். ஆர்டிஸ்ட் ஒரு பொண்ணு, போனை வாங்கிப் பாத்துட்டு "அண்ணா, இது யாரோடதுன்னு தெரியுமா?"ன்னு கேட்டாங்க. டிசைன் தானேங்கன்னேன். நியூசிலாந்து மவோரி மக்களுக்கு தா மோகோங்கற அவங்க பச்சை குத்தல் அலங்காரம் கிடையாதாம், எந்த வம்சம், எந்த குலம், அவங்களுக்கு என்ன மரியாதைன்னு உடம்புலயும் முகத்துலயும் எழுதி வைக்கிறது, அந்த ஸ்டைல்ல மத்தவங்களுக்குப் போடறதுக்கு கிரிதுஹின்னு தனியா ஒரு பேரே வச்சிருக்காங்களாம். வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன், சரியாத்தான் சொல்லிருக்காங்க. யாரோ ஒருத்தரோட இனிஷியல எடுத்து என் பேருக்கு முன்னாடி போட்டுக்கப் பாத்திருக்கேன். வந்த கஸ்டமர திருப்பி அனுப்பி யோசிக்க வச்சதுக்கே ஒரு ஸ்டார் தனியா குடுக்கலாம்.

ரெண்டாவது தடவை போனப்ப கொண்டு போனது அப்பாவோட பழைய லெட்டர். எனக்கு எழுதுற எல்லாத்துலயும் மொத வார்த்தை "கண்ணு"ன்னு தான் இருக்கும், அத மட்டும் அவர் கையெழுத்துலயே இடது முன்கை உள்பக்கம் குத்தணும்னு கேட்டேன். சின்னதா, லெட்டர்ல இருக்குற சைஸ்லயே. இங்க தான் சண்டை. "ணகரத்துக்கு மூணு சுழி அண்ணா, அதுலயும் ரெண்டு ணகரம் பக்கத்துல பக்கத்துல வருது, இந்த சைஸ்ல குத்தினா பின்னால சுழி மூடிக்கும், டபுள் சைஸ் போகலாம்"னாங்க. எனக்கு ஒரிஜினல் மாதிரியே வேணும்னு பிடிவாதம். அரை மணி நேரம் பேசி நடுவுல ஒரு சைஸுக்கு இறங்கி வந்தோம், அதாவது ரெண்டு பேருக்கும் பிடிக்காத சைஸ். மை எப்படிப் பரவும்னு காட்ட ஆறிப்போன டாட்டூ போட்டோ இருக்கான்னு கேட்டேன், ஆல்பம் பூரா அன்னன்னைக்கு எடுத்த ஃப்ரெஷ் போட்டோ தான். இது பெரிய குறை. எந்தக் கடைக்குப் போனாலும் ஒரு வருஷம் ஆன வேலைய காட்டுங்கன்னு கேளுங்க, காட்ட முடியலன்னா யோசிங்க.

சுத்தம் விஷயத்துல குறை சொல்ல முடியாது. ஊசி பாக்கெட்ட என் கண் முன்னாடி பிரிச்சாங்க, மையை குட்டி கப்ல புதுசா ஊத்துனாங்க, நடுவுல போன் எடுத்ததுக்கு கிளவுஸ கழட்டிப் போட்டுட்டு வேற மாட்டுனாங்க. 1961ல நியூயார்க் நகரத்துல ஹெபடைடிஸ்ங்கற கல்லீரல் நோய் ஊசி வழியா பரவுதுன்னு சொல்லி டாட்டூ போடறதையே தடை பண்ணி 1997 வரைக்கும் அந்தத் தடைய வச்சிருந்தாங்க, அதனால கிளவுஸ் மாத்தறதெல்லாம் சும்மா ஷோவுக்குன்னு நினைச்சுடாதீங்க.

மெஷின் பத்தி ஒண்ணு சொல்லணும், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச மேட்டர். எடிசன் 1876ல ஒரு எலக்ட்ரிக் பேனாவுக்கு பேட்டன்ட் வாங்கினார், ஆபீஸ்ல ஒரு கையெழுத்துப் பக்கத்த பல காப்பி எடுக்கறதுக்கு, பேப்பர்ல ஊசியால குட்டி குட்டி ஓட்டையா போட்டு எழுதும். அந்த ஐடியாவ வச்சுத்தான் நியூயார்க்ல சாமுவேல் ஓ'ரெய்லி 1891ல டாட்டூ மெஷினுக்கு பேட்டன்ட் எடுத்தார். கையெழுத்த காப்பி எடுக்க வந்த மெஷினோட பரம்பரையில வந்த ஒண்ணு என் அப்பா கையெழுத்த என் கைல காப்பி எடுத்துட்டு இருக்குன்னு நினைச்சப்ப வலி கொஞ்சம் மறந்துச்சு. கொஞ்சம் தான். மணிக்கட்டு பக்கம் வந்தப்ப கெட்ட வார்த்தை வாய் வரைக்கும் வந்துச்சு.

வெயிட் பண்ற இடத்துல சுவர் முழுக்க "டாட்டூவின் பெருமைமிகு வரலாறு"ன்னு ஒரு போஸ்டர். ஆல்ப்ஸ் மலைல 1991ல பனிக்குள்ள கிடைச்ச ஓட்ஸி, 5,300 வருஷத்துக்கு முந்தின ஆளு, உடம்புல 61 டாட்டூ, எல்லாம் கரியால போட்ட கோடும் சிலுவைக் குறியும் தான், அதுவும் நிறைய இடுப்பு, முட்டி, கணுக்கால்னு தேய்மானம் இருந்த இடத்துல, அதனால வைத்தியமா குத்திருக்கலாம்னு ஒரு கருத்து இருக்கு. அப்புறம் 1769ல இங்கிலாந்து கேப்டன் குக் கப்பல் பசிபிக் கடல் தீவான தஹிதிக்குப் போனது, அங்க "ததாவ்"ன்னு சொன்னது தான் இங்கிலீஷ்ல டாட்டூ ஆச்சு. எல்லாம் சரி தான். ஆனா பெருமைன்னு போட்டுட்டு மிச்சத்த விட்டுட்டாங்க. கிரேக்கத்துல ஸ்டிக்மான்னாலே ஊசியால குத்துன அடையாளம், அடிமைக்கும் குத்தவாளிக்கும் போட்டது, அதனால தான் அந்த வார்த்தைக்கு இன்னைக்கு அவமானம்னு அர்த்தம். ஜப்பான்லயும் எடோ காலத்துல (1603-1868) குத்தவாளிகளுக்கு தண்டனையா குத்துனாங்க, அதே ஊர்ல முதுகு பூரா டிராகனும் மீனும் ஆசைப்பட்டு குத்திக்கிட்டவங்களும் இருந்தாங்க, 1872ல அரசாங்கம் தடை போட்டு 1948ல தான் எடுத்துச்சு, இன்னைக்கும் அங்க பல வெந்நீர் குளியல் இடத்துல டாட்டூ தெரிஞ்சா உள்ள விட மாட்டாங்க. நாஜிகளோட ஆஷ்விட்ஸ் வதை முகாம்ல கைதிகளுக்கு நம்பர் குத்துனது பெரும்பாலும் இடது முன்கைல. நான் ஆசைப்பட்டு காட்டிட்டு உக்காந்திருந்த அதே இடம். யாரு கைல ஊசி இருக்கு, யாரு கேட்டு குத்துறாங்கங்கறதுல தான் எல்லாமே மாறுது, போஸ்டர்ல அதுக்கு நாலு வரி எழுதிருக்கலாம்.

இப்போ கூட்டத்துக்குக் குறைச்சல் இல்ல. அமெரிக்கால 2023ல பியூ ரிசர்ச் எடுத்த சர்வேல பெரியவங்கள்ல 32 சதவீதம் பேருக்கு டாட்டூ இருக்கு, அதுல கிட்டத்தட்ட நாலுல ஒருத்தர் ஏதோ ஒண்ணையாவது ஏன்டா போட்டோம்னு வருத்தப்பட்டிருக்காங்க. ஒருத்தர் நினைவா போட்டேங்கறது தான் அதிகம் பேர் சொன்ன காரணம், நானும் அந்தக் கும்பல் தான்.

ஆறுற கதைக்கு வரேன். மேல ஒட்டுன ட்ரான்ஸ்பரன்ட் பிளாஸ்டர் மூணு நாள்ல எடுத்தாச்சு, ரெண்டாவது வாரம் அரிப்பு, சொறியக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க, ராத்திரி கைய தலையணைக்கு அடியில வச்சு தூங்குனேன். உரிஞ்ச தோல்ல "கண்" பாதி ஒட்டிட்டு வந்தப்ப போச்சுடான்னு பயந்துட்டேன், ஆனா அது மேல் தோல் தான். மை அதுக்குக் கீழ இருக்குற அடுக்குல, ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் ஆழத்துல கிடக்கும், நம்ம உடம்பு காவல் செல்கள் அத கிருமின்னு நினைச்சு முழுங்கிட்டு செரிக்க முடியாம வச்சிருக்கும். 2018ல ஃபிரான்ஸ்ல எலிகள வச்சுப் பண்ணுன ஆராய்ச்சில, அந்த செல் செத்தா விட்ட மைய பக்கத்துல வர்ற புது செல் முழுங்கிக்குதுன்னு பாத்தாங்க. அழியாம நிக்கறதோட ரகசியம் இந்தக் கைமாத்து தானாம்.

கலர் வேணாம், கருப்பு போதும்னு ஆர்டிஸ்ட் சொன்னது நல்ல அட்வைஸ். வெயில்ல கருப்பு தான் நிக்கும், கலர் மைல என்ன கெமிக்கல்னு வேற யோசிக்கணும், ஐரோப்பிய யூனியன்ல 2022ல இருந்து ஆயிரக்கணக்கான பொருளுக்குக் கட்டுப்பாடு போட்டிருக்காங்க. என் கருப்பே இப்போ லேசா நீலம் கலந்த பச்சையாத் தெரியுது, தோலுக்கு அடியில இருக்குற கரி அப்படித்தான் தெரியும். பச்சை குத்துறதுன்னு பேர் வச்சவங்க ஆறுன பிறகு பாத்துத்தான் வச்சிருக்காங்க, ஃப்ரெஷ் போட்டோ பாத்து இல்ல.

மொத்தத்துல கோடு சுத்தம், நடுக்கம் இல்ல, அப்பாவோட அந்த சாய்ஞ்ச "க" அச்சு அசல். 5க்கு 4. போன அரை ஸ்டார் ஆல்பத்துக்கு, இன்னொரு அரை ஸ்டார் காது கிழியற பாட்டுக்கு. சுழிக்கு மார்க் குறைக்கல, ஏன்னா "ணு"வோட நடு சுழி இப்போ மூடிப் போய் ஒரு புள்ளியா நிக்குது, அவங்க சொன்ன மாதிரியே. டச்-அப்புக்கு எப்ப வேணா வாங்கன்னு மெசேஜ் வந்துச்சு. டச்-அப்ல மை ஏத்தத்தான் முடியும், இறக்க முடியாது, இறக்கணும்னா லேசர். அதனால போகல.