எழுத்தா, எண்ணா, வண்ணமா: மூன்று மாநிலங்கள் பள்ளிகளை அளக்கும் விதம்

அமெரிக்காவில் வேலை மாறி வேறு மாநிலத்துக்குக் குடிபோகும் நம்மவர்கள் வாடகையைக் கேட்பதற்கு முன்பே கேட்பது, "அந்தப் பக்கத்துப் பள்ளிக்கு என்ன ரேட்டிங்?" என்பதைத்தான். கேள்வி நியாயமானது. ஆனால் டல்லாஸ் அருகே ஃபிரிஸ்கோவிலும், அட்லாண்டா அருகே ஆல்ஃபரெட்டாவிலும், கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்டிலும் கிடைக்கும் பதில்கள் ஒரே அளவுகோலில் அளந்தவை அல்ல. டெக்சஸ் 'ஏ' முதல் 'எஃப்' வரை ஓர் எழுத்தைத் தருகிறது. ஜார்ஜியா தனித்தனி எண்களைத் தருகிறது. கலிஃபோர்னியா சிவப்பிலிருந்து நீலம் வரை ஐந்து வண்ணங்களைக் காட்டுகிறது. வீடு விற்கும் தளங்களில் 'பத்துக்கு எட்டு' என்று தெரிகிறதே, அது இவற்றில் எதுவுமே இல்லை. அது கிரேட்ஸ்கூல்ஸ் என்ற தனியார் அமைப்பு போடும் மதிப்பெண்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெற்றோருக்கு அதிகம் பயன்படுவது ஜார்ஜியாவின் வடிவம். டெக்சஸின் கணக்கில் அருமையான பகுதிகள் இருக்கின்றன, ஆனால் கடைசியில் வரும் ஒற்றை எழுத்து அவற்றை விழுங்கிவிடுகிறது. கலிஃபோர்னியா மாணவர்களின் மதிப்பெண்களை நுட்பமாக அளக்கிறது, ஆனால் ஒரு முக்கியமான கேள்விக்கு அதன் வண்ணங்களிடம் பதில் இல்லை.

மூன்றுக்கும் அடிப்படை ஒரே கூட்டாட்சிச் சட்டம். 2015 டிசம்பரில் வந்த 'எவ்ரி ஸ்டூடன்ட் சக்சீட்ஸ்' சட்டத்தின்படி, மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும், உயர்நிலைப் பள்ளியில் ஒரு முறையும், மாணவர்கள் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் மாநிலத் தேர்வு எழுத வேண்டும். தேர்வு முடிவோடு உயர்நிலைப் பள்ளிகளின் பட்டம் பெறும் விகிதம், ஆங்கிலம் கற்கும் மாணவர்களின் வளர்ச்சி, பள்ளியின் தரத்தைக் காட்டும் இன்னொரு அளவீடு ஆகியவையும் சேர வேண்டும். இவற்றை எப்படிக் கூட்டுவது, எப்படிக் காட்டுவது என்பது பெரும்பாலும் மாநிலங்களின் விருப்பம்.

நூறு மாணவர்கள், இரண்டு கணக்குகள், ஒரு கோடு

கற்பனையாக ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். நூறு பேர் கணிதத் தேர்வு எழுதினார்கள். 20 பேர் அடிமட்ட நிலையில், 30 பேர் அடுத்த நிலையில், 35 பேர் மூன்றாம் நிலையில், 15 பேர் உச்ச நிலையில். டெக்சஸின் ஸ்டார் தேர்வுக்கும் ஜார்ஜியாவின் மைல்ஸ்டோன்ஸ் தேர்வுக்கும் நான்கு நிலைகள் உண்டு. இரண்டின் கடினமும் ஒன்றல்ல என்றாலும் கணக்கின் போக்கைப் பார்க்க இது போதும்.

டெக்சஸ் மூன்று விழுக்காடுகளின் சராசரியை எடுக்கிறது. இரண்டாம் நிலையையாவது எட்டியவர்கள் 80, மூன்றாம் நிலையையாவது எட்டியவர்கள் 50, உச்சத்தை எட்டியவர்கள் 15. சராசரி 48. இது பிறகு வேறோர் அட்டவணை வழியாக நூற்றுக்கான மதிப்பெண்ணாக மாறும். ஜார்ஜியா அடிமட்டத்துக்குப் பூஜ்யம், அடுத்த நிலைக்கு அரை, மூன்றாம் நிலைக்கு ஒன்று, உச்சத்துக்கு ஒன்றரை என்று புள்ளி தருகிறது. அப்படிப் பார்த்தால் அதே பள்ளிக்கு 72.5. ஹூஸ்டனில் இருக்கும் நண்பரும் அட்லாண்டாவில் இருக்கும் நண்பரும் தொலைபேசியில் எண்களை ஒப்பிட்டுக்கொள்வதில் ஏன் பொருளில்லை என்பது இதிலேயே விளங்கும்.

இரண்டு முறைக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. கோட்டைத் தாண்டினால்தான் கணக்கு. மூன்றாம் நிலையின் அடியிலிருந்து அதே நிலையின் மேல்விளிம்பு வரை உயர்ந்த மாணவியால் பள்ளிக்கு இந்தக் கணக்கில் ஒரு புள்ளியும் கூடாது. கோட்டுக்கு இரண்டு மதிப்பெண் கீழே நிற்பவனை மேலே தூக்கிவிட்டால் கூடும். ஆகவே எந்தப் பள்ளிக்கும் கோட்டோரத்தில் நிற்கும் பிள்ளைகள் மீதே கண் போகும். வெகுவாகப் பின்தங்கியவர்களும் நன்றாகப் படிப்பவர்களும் கவனத்திலிருந்து நழுவுவார்கள். இது ஆசிரியர்களின் குற்றம் இல்லை. கணக்கு அவர்களை அப்படி இழுக்கிறது.

கலிஃபோர்னியா இந்தக் குறையைத் தீர்த்திருக்கிறது. அங்கே ஒவ்வொரு மாணவரும் இலக்குக் கோட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று பார்த்து, அந்தத் தூரங்களின் சராசரியை எடுக்கிறார்கள். மூன்றாம் வகுப்பு ஆங்கிலத்துக்கான கோடு 2432. 2400 எடுத்த குழந்தை 32 புள்ளி கீழே, 2460 எடுத்த குழந்தை 28 புள்ளி மேலே. 2400 எடுத்தவள் 2425 எடுத்திருந்தால், கோட்டைத் தாண்டாவிட்டாலும் பள்ளியின் சராசரி ஏறியிருக்கும். எல்லாக் குழந்தைகளும் கணக்கில் வருகிறார்கள். தேர்வு மதிப்பெண்ணைப் பயன்படுத்தியே தீர வேண்டுமென்றால் இதுதான் நேர்மையான வழி.

பள்ளி எவ்வளவு சொல்லித்தந்தது?

தேர்வின் சராசரி மதிப்பெண், பள்ளிக்குள் எப்படிப்பட்ட பிள்ளைகள் வருகிறார்கள் என்பதைத்தான் பெரும்பாலும் சொல்கிறது. பெற்றோரின் வருமானமும் படிப்பும் அந்தச் சராசரியோடு இறுகப் பிணைந்திருக்கின்றன. ஸ்டான்ஃபோர்டின் ஷான் ரீர்டன் நாடு முழுவதும் உள்ள பள்ளி மாவட்டங்களின் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்புகளின்) தேர்வு முடிவுகளை ஆராய்ந்து, சராசரி மதிப்பெண்ணும் ஆண்டுக்காண்டு கற்றல் வளர்ச்சியும் ஒன்றோடொன்று அதிகம் சேர்ந்து போவதில்லை என்று காட்டியிருக்கிறார். பொறியாளர் குடும்பங்கள் நிறைந்த பகுதியில் பள்ளி சும்மா இருந்தாலும் சராசரி உயரமாகவே நிற்கும். நம்மவர்கள் தேடிப்போவது பெரும்பாலும் அப்படிப்பட்ட பகுதிகளைத்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இந்த இடத்தில் ஜார்ஜியா முந்துகிறது. ஒரு மாணவரை, கடந்த தேர்வுகளில் அவரைப் போலவே மதிப்பெண் எடுத்த மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டு, இந்த ஆண்டு அவர் எங்கே நிற்கிறார் என்று 1 முதல் 99 வரை இடம் தருகிறார்கள். 'முன்னேற்றம்' என்ற பெயரில் அது தனி மதிப்பெண்ணாகவே வெளியாகிறது. டெக்சஸும் மாணவர் வளர்ச்சியைப் பார்க்கிறது. அதற்கு மேல் ஒரு படி போய், வறுமை விழுக்காடு ஏறத்தாழ ஒன்றாக உள்ள பள்ளிகளோடும் ஒப்பிடுகிறது. கேட்கும்போது மூன்றிலும் இதுவே சிறந்ததாகத் தோன்றும். எழுத்தாக மாறும்போதுதான் சிக்கல். சாதனை (மாணவர்கள் எட்டிய நிலை), முன்னேற்றம் என்ற இரண்டில் எது அதிகமோ அதற்கு மட்டும் 70 விழுக்காடு எடை. இனம், வருமானம் போன்றவற்றால் பிரிக்கும் மாணவர் பிரிவுகளுக்கிடையிலான இடைவெளியைக் குறைப்பதற்கு 30.

வசதியான பகுதிப் பள்ளி ஒன்று சாதனையில் 92, முன்னேற்றத்தில் 74, இடைவெளியில் 80 எடுத்தது என்று வையுங்கள். கிடைப்பது 88, அதாவது 'பி'. முன்னேற்றத்தில் 74 என்ற தகவல் எழுத்துக்குள் எங்குமே இல்லை. அது 54 ஆக இருந்தாலும் இந்தக் கூட்டல் மாறாது. இந்த விதியால் ஏழைப் பகுதிப் பள்ளிகளின் உழைப்புக்கு மதிப்புக் கிடைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சாதனையில் 68 எடுத்தாலும் முன்னேற்றத்தில் 90 எடுத்த பள்ளி தலைநிமிர்ந்து நிற்கலாம். நல்ல நோக்கம்தான். ஆனால் அதே விதி, மதிப்பெண் நன்றாக இருக்கிறது என்று சாய்ந்துகொண்ட பள்ளிக்கும் திரை போடுகிறது.

கலிஃபோர்னியாவின் வண்ணங்களிடம் பதில் இல்லாத கேள்வியும் இதுதான். வண்ணம் இரண்டு காரணங்களால் தீர்மானமாகிறது: இன்றைய நிலை, போன ஆண்டிலிருந்து வந்த மாற்றம். மாற்றம் என்பது போன ஆண்டு பள்ளியில் தேர்வு எழுதியவர்களுக்கும் இந்த ஆண்டு எழுதியவர்களுக்கும் உள்ள வேறுபாடு. அதே குழந்தையைப் பின்தொடர்ந்து அளந்தது அல்ல. நன்றாகப் படித்த ஒரு வகுப்பு படித்து முடித்து வெளியேறினாலே வண்ணம் மங்கலாம்.

ஆயத்தம்: எதை எண்ணுகிறார்கள்?

உயர்நிலைப் பள்ளியைத் தேடுபவர்கள் தேர்வு முடிவைவிட இதைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். டெக்சஸில் உயர்நிலைப் பள்ளியின் சாதனை மதிப்பெண்ணில் 40 விழுக்காடு ஸ்டார் தேர்வு, 40 விழுக்காடு 'கல்லூரி, தொழில், இராணுவ ஆயத்தம்', 20 விழுக்காடு பட்டம் பெறும் விகிதம். ஆயத்தமானவர் என்று கணக்கில் வர எந்த ஒரு வழியும் போதும். ஒரு ஏபி தேர்வில் (பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வு, மதிப்பெண் 1 முதல் 5 வரை) 3 எடுத்தால் போதும். கல்லூரிப் பாடங்களைப் பள்ளியிலேயே படித்துக் குறிப்பிட்ட அளவு கிரெடிட் வாங்கினாலும் போதும். பட்டியலில் உள்ள ஒரு தொழிற்சான்றிதழும் ஒரு வழி.

கலிஃபோர்னியாவில் ஏபி வழியாக 'ஆயத்தமானவர்' ஆக வேண்டுமென்றால் இரண்டு தேர்வுகளில் 3 எடுக்க வேண்டும். டெக்சஸில் ஆயத்தம் என்று எண்ணப்படும் மாணவர், அதே ஒரு தேர்வை மட்டும் வைத்துக்கொண்டு கலிஃபோர்னியாவுக்குப் போனால் அந்த வரிசையில் நிற்க முடியாது.

எல்லா வழிகளும் சமம் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கால்குலஸ் ஏபி தேர்வில் 3 எடுத்த பிள்ளைக்கும், வேலைச் சந்தையில் யாரும் கேட்காத ஒரு சான்றிதழை வாங்கிய பிள்ளைக்கும் முன்னால் இருக்கும் வாய்ப்புகள் வேறு வேறு. டெக்சஸ் கல்வித் துறையே மதிப்புக் குறைந்த சான்றிதழ்களைப் பட்டியலிலிருந்து படிப்படியாக நீக்கிவருகிறது. ஆகவே 'ஆயத்தம் 90 விழுக்காடு' என்று பள்ளி சொன்னால், அதில் எத்தனை பேர் கல்லூரி வழியாக, எத்தனை பேர் சான்றிதழ் வழியாக என்று கேளுங்கள். இன்னொன்றும் உண்டு: இந்தக் கணக்கு ஓராண்டு பின்தங்கியே வரும். 2025 மதிப்பீட்டில் இருப்பது 2024-இல் பட்டம் பெற்றவர்களின் கதை.

ஜார்ஜியா ஆயத்தத்தைத் தொடக்கப் பள்ளியிலிருந்தே எண்ணுகிறது. குழந்தை தன் வகுப்புக்கு உரிய கடினத்தில் வாசிக்கிறதா, பள்ளிக்கு ஒழுங்காக வருகிறதா, கலை, உடற்கல்வி, பிறமொழி போன்ற பாடங்கள் கிடைக்கின்றனவா என்று பார்க்கிறது. ஏழு வயதுக் குழந்தையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை இவைதாம் என்பேன். வருகைக்கான கோடு பத்து விழுக்காடு. 180 நாள் பள்ளியில் 18 நாள் வராவிட்டால் அந்தக் குழந்தை தொடர்ந்து வராதவர் பட்டியலில் சேரும். கலிஃபோர்னியாவும் எட்டாம் வகுப்பு வரை இதே கோட்டை வைத்துத் தனி வண்ணம் தருகிறது. விடுமுறையோடு சேர்த்து மூன்று நான்கு வாரம் ஊருக்குப் போய்வரும் குடும்பங்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிட்டுப் போனாலும் வராத நாள் வராத நாள்தான்.

எழுத்துக்குப் பின்னால் வரும் விளைவுகள்

டெக்சஸில் எழுத்து வெறும் தகவல் அல்ல. ஒரு பள்ளி தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் தோற்றால், மாநிலம் அதை மூட வேண்டும் அல்லது மாவட்ட நிர்வாகத்தையே கையில் எடுக்க வேண்டும். ஹூஸ்டனில் வீட்லி உயர்நிலைப் பள்ளியின் தொடர் தோல்வியைக் காட்டி, 1,80,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் மாவட்டம் முழுவதையும் மாநிலம் 2023 ஜூனில் எடுத்துக்கொண்டது. இந்த முயற்சியை எதிர்த்த வழக்குகள் நடந்துகொண்டிருந்த காலத்தில், 2022-இல், அதே பள்ளி 'சி' வாங்கியிருந்தது.

அதே 2023-இல் ஆயத்தப் பகுதியில் 'ஏ' வாங்கத் தேவையான அளவை 60-லிருந்து 88-க்கு மாநிலம் உயர்த்தியது. 80 எடுத்த பள்ளி, எதுவும் கெடாமலே, அந்தப் பகுதியில் 'ஏ'-வை இழந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட மாவட்டங்கள் நீதிமன்றம் போயின. 2023-இன் மதிப்பீடுகள் 2025 ஏப்ரலில்தான் வெளியே வந்தன. அளவை உயர்த்தியது தவறில்லை. ஏறக்குறைய எல்லோரும் தாண்டும் கோடு எதையும் பிரித்துக்காட்டாது. ஆனால் பட்டம் வாங்கி வெளியே போய்விட்ட மாணவர்களுக்குப் புதிய கோட்டைப் போட்டு அளந்தது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

ஜார்ஜியா நூற்றுக்கு இத்தனை என்று ஒற்றை மதிப்பெண் கொடுத்துவந்த மாநிலம். 2023-இல் வந்த முடிவுகளில் அது இல்லை; கூறுகள் மட்டுமே இருந்தன. நல்ல மாற்றம் என்று மகிழ்ந்தால், 2024-இல் கையெழுத்தான சட்டம் ஒன்று, கடைசி 25 விழுக்காட்டுப் பள்ளிகளின் எல்லைக்குள் வசிக்கும் பிள்ளைகள் தனியார் பள்ளிக்குப் போக 6,500 டாலர் வரை உதவி என்றது. கடைசி 25 விழுக்காடு யார் என்று தெரிய எல்லாப் பள்ளிகளையும் வரிசைப்படுத்தியாக வேண்டும். ஆளுநரின் கீழுள்ள மாணவர் சாதனை அலுவலகம் அந்தப் பட்டியலைத் தயாரிக்கிறது. பெற்றோருக்கு முன்னால் வேண்டாம் என்று விட்ட வரிசை, பணம் பிரிக்கும்போது தேவைப்பட்டுவிட்டது.

கலிஃபோர்னியா 1999 சட்டத்தின் கீழ் 200 முதல் 1,000 வரை ஓர் எண் கொடுத்து, எல்லோருக்கும் 800 என்று இலக்கு வைத்திருந்தது. அதைக் கைவிட்டு, 2017-இல் இந்த வண்ணப் பலகைக்கு வந்தது. இடைநீக்க விகிதத்துக்குக்கூட ஒரு வண்ணம் உண்டு. மற்ற இரண்டு மாநிலங்களின் முதல் பக்கத்தில் அது கண்ணில் படாது. மொத்தத்துக்கு ஒரு வண்ணம் கிடையாது. அவசரமாக வீடு தேடுபவருக்கு இது எரிச்சலூட்டும், ஆனால் அந்தப் பொறுமையைப் பெற்றோரிடம் எதிர்பார்ப்பது சரிதான்.

ஆக, ஜார்ஜியாவுக்குப் போகிறவர்கள் முன்னேற்ற மதிப்பெண்ணையும் வாசிப்பு அளவீட்டையும் முதலில் பாருங்கள். டெக்சஸுக்குப் போகிறவர்கள் எழுத்தை விட்டுவிட்டு மாநிலத் தளத்தில் மூன்று பகுதிகளின் எண்களையும் தனித்தனியே திறந்து, முன்னேற்றத்துக்கான எண் சாதனையைவிட வெகுவாகக் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். கலிஃபோர்னியாவில் வண்ணத்துக்குக் கீழே இருக்கும் தூரப் புள்ளியையும், உங்கள் பிள்ளை சேரக்கூடிய மாணவர் பிரிவின் வண்ணத்தையும் பாருங்கள். டெக்சஸ் பற்றி இன்னொன்று: 2025-இல் இயற்றிய சட்டப்படி ஸ்டார் தேர்வு போய், 2027–28 கல்வியாண்டிலிருந்து ஆண்டுக்கு மூன்று சிறிய தேர்வுகள் வருகின்றன. அதற்குப் பிறகு வரும் எழுத்துகளை இன்றைய எழுத்துகளோடு வைத்து, பள்ளி ஏறியது, இறங்கியது என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.