பார்லர் அப்பாயின்ட்மென்ட்: சாட்பாட்டா, பார்லர் மென்பொருளா, கூகுள் காலண்டரா?

ஈரோட்டில் இரண்டு நாற்காலி போட்டு பியூட்டி பார்லர் நடத்துகிறோம், நானும் தங்கையும். கூடமாட உதவிக்கு ஒரு பெண். போன் அடிக்கிற நேரமெல்லாம் எங்கள் கை யாருடைய முகத்திலாவது இருக்கும், எடுக்காமல் விட்டால் அந்த ஆள் அடுத்த தெருப் பார்லருக்குப் போய்விடுவார். அதனால் புக்கிங் தானாக நடக்க ஒரு ஏற்பாடு வேண்டும் என்று தேடியபோது மூன்று வழிகள் தென்பட்டன: மெசேஜுக்குத் தானாகப் பதில் சொல்லும் வாட்ஸ்அப் சாட்பாட், மாத வாடகைக்குக் கிடைக்கும் பார்லர் மென்பொருள், கூகுள் காலண்டரில் இருக்கிற புக்கிங் பக்கம். நாங்கள் போனது காலண்டருக்கு. அதனால் நான் எழுதுவது அந்தப் பக்கம் சாயும், தெரிந்தே படியுங்கள்.

காலி நேரத்தைக் காட்டுவது, பெயரைப் பதிவது, உறுதிச் செய்தி அனுப்புவது, இதை மூன்றுமே செய்யும், ராத்திரி பதினொரு மணிக்கும் செய்யும். அதில் ஒப்பிட ஒன்றுமில்லை.

சாட்பாட்டைப் பார்த்தால் முதலில் ஆசை வரும், ஏனென்றால் நம்மூரில் எல்லோரும் ஏற்கனவே வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறார்கள். ஆனால் இலவசமாகக் கிடைக்கிற வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் வேறு, பாட் ஓடுகிற ஏபிஐ, அதாவது வேறு மென்பொருளை வாட்ஸ்அப்போடு இணைக்கும் வழி, வேறு. இரண்டாவதைப் பெரும்பாலும் ஒரு இடைநிலை நிறுவனம் வழியாகத்தான் வாங்குவோம், அவர்களுக்கு மாத வாடகை, அதற்கு மேல் வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு மெசேஜ் காசு. வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரம் வரை நாம் எதை வேண்டுமானாலும் பதிலாக அனுப்பலாம். அது தாண்டினால் மெட்டா முன்கூட்டியே அனுமதித்த டெம்ப்ளேட், அதாவது முன்பே எழுதி வைத்த செய்தி, மட்டும்தான். 2025 ஜூலையிலிருந்து டெம்ப்ளேட் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கணக்கு, 'நாளை நாலு மணிக்கு வாருங்கள்' என்பது ஒரு வகை, 'ஃபேஷியலில் தள்ளுபடி' என்பது மார்க்கெட்டிங் என்ற இன்னொரு வகை, அதற்கு விலை கூடுதல். காசைக்கூட விடுங்கள். எங்களுக்கு வருவதில் பாதி வாய்ஸ் மெசேஜ். "அக்கா, நாளைக்கு சாயங்காலம் வரலாமா, பாப்பாவையும் கூட்டிட்டு வரேன்" என்று வண்டிச் சத்தத்துக்கு நடுவில் பேசி அனுப்புகிறவரிடம் 'ஃபேஷியலுக்கு 1, ஹேர்கட்டுக்கு 2' என்று பாட் பதில் சொன்னால் எப்படி இருக்கும்? டெமோவில் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டோம், மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்தவர் வேறு மாதிரி சொல்லலாம்.

பார்லர் மென்பொருள் நல்ல சரக்கு, அதை மறுக்க மாட்டேன். பில், ஸ்டாக், யாருக்கு எவ்வளவு கமிஷன், போன தடவை எந்த ஷேட் கலர் போட்டோம் என்பது வரை ஒரே இடத்தில் இருக்கும். அதற்குத்தான் காசும்.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு விஷயம், காலண்டரை யார், எப்போது சரியாக வைத்திருக்கப் போகிறார்கள் என்பது. விற்க வருகிற யாரும் இதைப் பேச மாட்டார்கள். ஆன்லைன் வசதி வந்த பிறகும் எங்களிடம் பாதிக்கு மேல் போனிலோ நேரிலோதான் நேரம் வாங்குகிறார்கள். எந்த ஆட்டோமேஷனும் தன் காலண்டரில் இருப்பதை அப்படியே நம்பும், தெருவிலிருந்து நேராக வந்து உட்கார்ந்தவரை நீங்கள் பதியாமல் விட்டால் அதே நாற்காலியை அதே நேரத்துக்கு இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிடும். அவர் வந்து நிற்பார், கையில் உறுதி செய்த மெயிலும் இருக்கும், அவரிடம் என்ன சொல்வீர்கள்? பாட் வைத்தாலும் இதே கதைதான், அதன் பின்னாலும் ஒரு காலண்டர் இருந்தாக வேண்டும்.

அப்படியானால் பதிவது எவ்வளவு சுலபம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. த்ரெடிங் செய்யும்போது நூலின் ஒரு முனை பல்லிடுக்கில் இருக்கும், மீதி இரண்டு கை விரல்களிலும் சுற்றியிருக்கும். அந்த நிலையில் போன் வந்தால் உதவிக்கு இருக்கிற பெண் எடுத்து, நான் தலையாட்டியதும் காலண்டரில் அந்தக் கட்டத்தைத் தொட்டு 'ஃபேஷியல்' என்று போட்டுச் சேமிக்கிறாள். முடிந்தது. நாங்கள் சோதித்துப் பார்த்த ஒரு மென்பொருளில் முதலில் போன் நம்பர், அப்புறம் புது ஆளா பழைய ஆளா, அப்புறம் எந்த சேவை, யார் செய்வது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகும். முன்னால் ரிசப்ஷனுக்கென்றே ஒருவர் உட்கார்ந்திருக்கிற கடைக்கு அது சரி. எங்களிடம் இரண்டாவது வாரமே 'சாயங்காலம் சேர்த்துப் போட்டுக்கலாம்' என்று ஆரம்பித்துவிட்டது, சாயங்காலம் போடுகிற காலண்டர் பகலில் பொய் சொல்லும்.

காலண்டரிலும் குறை உண்டு, மறைக்கவில்லை. இலவச ஜிமெயில் கணக்குக்கு ஒரு புக்கிங் பக்கம்தான், அந்தப் பக்கத்தில் எல்லாச் சந்திப்புக்கும் ஒரே நீளம்தான். எங்களுக்கு ஆளுக்கொரு கணக்கு, இரண்டையும் பகிர்ந்து ஒரே போனில் இரண்டு நிறத்தில் பார்க்கிறோம். பக்கத்தில் ஒரு மணி நேர வேலைகள் மட்டும்தான். த்ரெடிங்குக்கு புக்கிங்கே கிடையாது, ஹேர் கலர் தடவிவிட்டு ஊற விடுகிற அரை மணி, முக்கால் மணியில் இரண்டு பேருக்குப் புருவம் முடித்துவிடலாம், அந்த இடைவெளியை எந்தக் கட்டத்தில் போய்ப் போடுவது? கலர், ஸ்ட்ரெய்ட்னிங், மணப்பெண் அலங்காரம் எல்லாம் போனில் மட்டும். மணப்பெண் என்றால் அட்வான்ஸ் வாங்கின பிறகுதான் தேதி, அதற்கு சுவரில் ஒட்டிய க்யூஆர் போதும்.

இன்னொன்று கட்டாயம் கவனியுங்கள். முகூர்த்த நாளுக்காகவோ லீவுக்காகவோ நாள் முழுவதற்கும் ஒரு நிகழ்வு போட்டால், கூகுள் அதை இயல்பாக 'ஃப்ரீ' என்று எடுத்துக்கொள்ளும், பக்கத்தில் நேரம் திறந்தே கிடக்கும். கையால் 'பிஸி' என்று மாற்ற வேண்டும். இரண்டு வேலைக்கு நடுவில் கொஞ்ச நேரம் விடுகிற வசதி இருக்கிறது, கடைசி நிமிஷத்தில் யாரும் புக் செய்யாதபடி தடுக்கவும் முடியும். இரண்டையும் முதல் நாளே போட்டுவிடுங்கள்.

பெரிய ஓட்டை நினைவூட்டல்தான். புக் செய்ய மெயில் முகவரி கேட்கும், உறுதிச் செய்தியும் மெயிலுக்குத்தான் போகும், நம்மூரில் மெயிலை யார் திறக்கிறார்கள்? நினைவூட்டல் மெயில் தானாகப் போவதும் கட்டணத் திட்டத்தில்தான். எஸ்எம்எஸ் அனுப்பலாமே என்றால் வியாபார எஸ்எம்எஸ்களுக்கென்று இருக்கிற டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் நிறுவனம், அனுப்புநர் பெயர், செய்தி வாசகம் எல்லாவற்றையும் பதிய வேண்டும், இரண்டு நாற்காலிக்கு அந்தப் பாடு எதற்கு? அதனால் வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் ஒரு குயிக் ரிப்ளை சேமித்து வைத்திருக்கிறோம். கடை சாத்துமுன் நாளைய பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் தட்டிவிட வேண்டியதுதான், தினமும் ஒரு பத்து நிமிஷ வேலை. புக்கிங் லிங்க் வரவேற்பு மெசேஜிலேயே இருக்கிறது, ஆனால் அது புதிதாக எழுதுகிறவருக்கும் 14 நாள் இடைவெளிக்குப் பிறகு எழுதுகிறவருக்கும்தான் தானாகப் போகும், அடிக்கடி பேசுகிறவர்களுக்கு நாமே அனுப்ப வேண்டும். முழு ஆட்டோமேஷன் என்று இதைச் சொல்ல முடியாது, பாதிதான்.

நான்கைந்து பேர் வேலை செய்கிற கடை, இரண்டு கிளை என்றால் நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே கமிஷன் கணக்குக்கே மென்பொருள் வேண்டியிருக்கும், அந்த அளவில் எனக்கு அனுபவமில்லை. ஆனால் வாங்குமுன் வாடிக்கையாளர் பட்டியலை எக்செல்லில் வெளியே எடுக்க முடியுமா என்று கேட்டு, எடுத்தும் பாருங்கள், 'முடியும்' என்று வாயால் சொல்வது போதாது. பல் டாக்டர், பிசியோதெரபி மாதிரி ஒரே ஆள், ஏறக்குறைய ஒரே அளவு நேரம் என்கிற தொழிலுக்கு காலண்டர் எங்களைவிடவும் நன்றாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் மட்டும் பக்கத்தை மூடிவிடுகிறோம். அந்த வாரம் வருகிறவர்கள் யாரும் நேரம் பார்த்து வருவதில்லை, பழைய நோட்டும் பேனாவும்தான் ஓடுகிறது.