பலகை பாஸ், பைப் ஃபெயில்: தெருமுனை ஸ்டாப் போர்டு செட்

600 மி.மீ. ஸ்டாப் போர்டைச் செட்டாகவே விற்கும் கடைகள் உண்டு: எண்கோணப் பலகை, 3 மீட்டர் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், இரண்டு கிளாம்ப், போல்ட் நட். புதுச்சேரியிலோ கடலூரிலோ ஒரு தெருமுனையில் வெளுத்துப்போன பழசை மாற்ற இதை வாங்கலாமா என்றால், பலகையை மட்டும் வாங்கலாம்.

பலகையில் விஷயமே மேலே ஒட்டிய ஷீட்தான். ஃப்ளெக்ஸ் கடை வினைலும் பகலில் அதே சிவப்பு. ராத்திரி ஹெட்லைட் பட்டால் கருத்துக் கிடக்கும். கடையிலேயே சோதிக்கலாம். ஷட்டரைப் பாதி இறக்கி, பலகையை இருட்டு மூலையில் சாய்த்து, பத்தடி தள்ளி நின்று செல்போன் டார்ச்சைக் கண்ணோரம் வைத்து அடியுங்கள். ரெட்ரோ ஷீட், அதாவது வெளிச்சத்தை வந்த பக்கமே திருப்பும் ஷீட், பளீரென்று திருப்பி அடிக்கும். டார்ச்சை இடுப்புக்கு இறக்கினால் மங்கும். எழுத்து மட்டும் மின்னி, சிவப்பு கருப்பாகத் தெரிந்தால், ரெட்ரோ ஷீட் மேல் சாதாரண சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறார்கள். அதை வாங்கவே கூடாது. கிட்டே பார்த்தால் பொடிப்பொடிக் கட்டம் தெரிவது பெரும்பாலும் ஹை இன்டென்சிட்டி பிரிஸ்மாட்டிக், இன்னும் பளிச்சென்று மின்னும் ரெட்ரோ ஷீட். தெருவிளக்கு அடிக்கடி கண் மூடும் முனைக்கு அதுதான் சரி. அலுமினியம் 1.5 மி.மீ. இருக்கட்டும்; 750 மி.மீ. பலகை என்றால் 2.

பைப்பில்தான் கோளாறு. ஜி.ஐ. பைப் 6 மீட்டர் நீளத்தில் வரும். மிச்சம் விழாமல் இரண்டாக வெட்டித் தருகிறார்கள். 60 செ.மீ. மண்ணுக்குள் போனால் மேலே 2.4 மீட்டர். அதில் பலகை 60 செ.மீ. எடுத்துக்கொள்ள, கீழ்விளிம்பு 1.8 மீட்டரில் நிற்கும். உயரமானவர் தலையில் இடிக்கும், நிறுத்திய வேனுக்குப் பின்னால் மறையும். 2.1 மீட்டர் உயரம் வேண்டுமானால் பைப் 3.3 மீட்டராவது வேண்டும். முழுநீளம் வாங்கி வெட்டினால் மிஞ்சும் துண்டு தெருப்பெயர்ப் பலகைக்கு ஆகும்.

செட்டில் வரும் போல்ட் சாதா இரும்பு. உப்புக்காற்றில் அலுமினியத்தோடு சேர்ந்தால் துளையைச் சுற்றி வெள்ளையாகப் பூத்து, அலுமினியம் அரித்துப்போகும். உப்பைத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் நைலான் வாஷரும் தனியாக வாங்குங்கள். கிளாம்பை மட்டும் நம்பினால் காற்றில் பலகை சுற்றிக்கொண்டு பக்கத்துத் தெருவை நிறுத்தச் சொல்லும். பைப்பை ஊடுருவி ஒரு போல்ட் போடுவதே வழி. 2011-இல் ‘தானே’ புயலும் 2024-இல் ‘ஃபெஞ்சல்’ புயலும் வந்த கரை இது, மறந்துவிட வேண்டாம்.

குழி 45 செ.மீ. சதுரம், 60 ஆழம்; 1:2:4 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவைக்கு ஒரு மூட்டை சிமெண்ட் போதும். பைப்பின் அடியில் குறுக்கே ஒரு கம்பியை வெல்டு செய்துவிட்டால் மொத்தமும் சுழலாது. கான்கிரீட் மேல்பரப்பைச் சரிவாகப் பூசுங்கள். தண்ணீர் தேங்கினால் பைப் தரைமட்டத்தில்தான் முதலில் துருப்பிடிக்கும். பழைய கம்பமும் பெரும்பாலும் அங்கேதான் இற்றிருக்கும், அந்த அடிக்கட்டையோடு புதுசை வெல்டு செய்யாதீர்கள். பைப் தலைக்கு மூடியும் செட்டில் வருவதில்லை, மழை உள்ளே இறங்கும்.

காசு குடியிருப்போர் சங்கத்துடையது என்றாலும், மோட்டார் வாகனச் சட்டம் 116-ஆம் பிரிவுப்படி போர்டு வைக்கும் அதிகாரம் அரசுக்கும் அரசு அதிகாரம் கொடுத்த அமைப்புக்கும்தான். நகராட்சி அல்லது மாநகராட்சியிடமும் போக்குவரத்துக் காவலிடமும் எழுத்தில் அனுமதி வாங்காமல் பழசைக் கழற்றாதீர்கள். கான்கிரீட் இறுகும் வரை பழைய போர்டு அப்படியே நிற்கட்டும், புதுசுக்குச் சாக்கு கட்டி வையுங்கள்.