பத்தரமுல்லை ஹெல பொஜுன்: இந்தக் கஞ்சி மட்டக்குளிக்கும் வரவேண்டும்

வடக்கில் 'அம்மாச்சி' உணவகத்தில் சாப்பிட்டவர்களுக்கு 'ஹெல பொஜுன்' உணவகம் புதியதல்ல. விவசாயத் திணைக்களம் இடமும் பயிற்சியும் கொடுக்க, பெண்கள் தாங்களே சமைத்து, தாங்களே விற்று, வருமானத்தைத் தாங்களே எடுத்துச் செல்லும் அதே ஏற்பாடுதான் கொழும்பை அடுத்த பத்தரமுல்லையிலும் நடக்கிறது. கோதுமை மாவுக்கு இங்கே இடமில்லை. அரிசிமா, குரக்கன் மா, உளுந்து, பயறு, கிழங்கு ஆகியவற்றைக் கொண்டே எல்லாம் செய்யப்படுகின்றன.

காலையில் போவது நல்லது, ஏனெனில் இலைக்கஞ்சி காலைக்குரியது. சிவப்புப் பச்சையரிசி குழையும்வரை வெந்து, தேங்காய்ப்பால் சேர்ந்த பிறகே அரைத்துப் பிழிந்த வல்லாரைச் சாற்றை ஊற்றுகிறார்கள். அதன்பின் அதிகம் கொதிக்க விடுவதில்லை என்பதால் பச்சை நிறமும் மணமும் அப்படியே நிற்கின்றன. கூடவே தரும் கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு குடிப்பது வழக்கம். ஆனால் கருப்பட்டியும் சர்க்கரைதான் என்பதை நீரிழிவு உள்ளவர்கள் மறக்கக் கூடாது. கஞ்சி அது இல்லாமலே சுவையாக இருக்கிறது. குரக்கன் ரொட்டியைக் கண்முன்னே தட்டிக் கல்லில் போட்டு, கட்டைச் சம்பலுடன் சூடாகத் தருகிறார்கள். லவரியாவின் இடியப்பம் மென்மையாக இருந்தது, உள்ளே வைத்த தேங்காய்ப்பூவில் இனிப்புச் சற்றுத் தூக்கல். எனக்கு மிகவும் பிடித்தது தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்த கடலைதான்; ஒரு தட்டு உண்டால் மதியம்வரை பசி தெரியாது. விலையும் சாதாரணக் கடையில் ஒரு ரோல்ஸும் தேநீரும் வாங்கும் செலவை ஒட்டியதே.

இந்த விலைதான் என்னை யோசிக்க வைத்தது. சத்தான சாப்பாடு என்றாலே வசதியுள்ளவர்களின் விஷயம் என்ற எண்ணம் கொழும்பில் ஊறிப்போயிருக்கிறது. இங்கே இடைத்தரகர் இல்லை, ஆடம்பர அலங்காரம் இல்லை, பொருட்களும் நம் மண்ணில் விளைபவை. அதனால்தான் விலை கட்டுக்குள் இருக்கிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டபோது, மரக்கறியையும் முட்டையையும் மீனையும் குறைத்துக்கொண்டு பாணையும் பருப்பையும் வைத்துச் சமாளித்த வீடுகள் வட கொழும்பில் 'தோட்டம்' எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளிலும் தொடர்மாடிகளிலும் ஏராளம். அன்று குறைத்ததைப் பல வீடுகளில் இன்னும் பழையபடி கூட்ட முடியவில்லை. விடியுமுன் துறைமுகத்துக்கும் புறக்கோட்டைக்கும் வேலைக்கு ஓடுகிறவருக்குச் சந்தியில் கிடைப்பது பட்டிஸும் சீனி அள்ளிப்போட்ட பால்தேநீரும்தான். அவரிடம் குரக்கனின் நன்மையை எடுத்துச் சொல்லிப் பயனில்லை, அது அவர் நடந்து போகும் வழியில் இருக்கவேண்டும்.

வட கொழும்பின் மட்டக்குளியிலிருந்தோ முகத்துவாரத்திலிருந்தோ பேருந்து மாறி பத்தரமுல்லைக்கு வந்து ஒரு கோப்பை கஞ்சி குடித்தால், கஞ்சியில் மிச்சம் பிடித்த காசு பயணத்திலேயே போய்விடும். அலுவலகங்கள் நிறைந்த பத்தரமுல்லைக்கு இந்த உணவகம் மிகப் பொருத்தம், அதில் எனக்கு மறுப்பில்லை. இதே முறை வட கொழும்புக் குடியிருப்புகளின் நடுவிலும் வேரூன்ற வேண்டும் என்பதே என் ஆசை. அதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. ஒழுகாத கூரை, தண்ணீர்க் குழாய், ஒழுங்கான வடிகால், விடியற்காலையிலேயே திறக்க அனுமதி, இவ்வளவும் போதும். சமைக்கக் கைகளைத் தேடவும் வேண்டாம். கொட்டாஞ்சேனையில் விடியுமுன் எழுந்து இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போடும் பெண்கள் இருக்கிறார்கள். கடைக்காரர் எடுக்கும் பங்கும் அவர்கள் கைக்கே வந்தால், அரிசிமாவோடு குரக்கன் மாவையும் கலந்து பிழிய அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.