வியட்நாம் வழியா, கம்போடியா வழியா?

ஐரோப்பிய ஒன்றியத்துக்குச் சட்டை விற்க ஏழை நாட்டுக்கு எது நல்லது: இரு தரப்பும் சந்தையைத் திறக்கும் வர்த்தக ஒப்பந்தமா, மிகப் பின்தங்கிய நாடுகளுக்கு ஐரோப்பா தானாகத் தரும் வரிச் சலுகையா? ஒப்பந்தம் போட்ட வியட்நாம், சலுகையில் இருக்கும் கம்போடியா என்று பக்கத்துப் பக்கத்து நாடுகள் இரண்டையும் வைத்தே பார்க்கலாம்.

விலை: கம்போடியா தன் சந்தையைத் திறக்காமலே வரிவிலக்கு பெற்றது. வியட்நாம் திறந்தது, ஐரோப்பியக் கார்களுக்கு இருந்த 70 சதவீதத்துக்கும் மேலான வரிகூடப் படிப்படியாகப் போகிறது.

வேகம்: சலுகையில் உடனே பூஜ்ஜியம். 2020 ஆகஸ்ட் 1-இல் வந்த ஒப்பந்தத்தில் சில ஆடைகளுக்கு 7 ஆண்டு வரை காத்திருக்க வேண்டும்.

துணி: பலரும் கவனிக்காத இடம் இதுதான். கம்போடியா சீனத் துணியை வாங்கித் தைத்தாலே போதும். வியட்நாமுக்கோ துணியும் உள்நாட்டிலோ, ஐரோப்பாவிலோ, தென்கொரியாவிலோ நெய்ததாக இருக்க வேண்டும். தையல் மட்டும் தெரிந்த நாட்டுக்கு இது தலைவலி. நெசவாலை கட்ட முதலீடு வந்தால் வரம்.

உறுதி: 2020 ஆகஸ்ட் 12-இல், மனித உரிமை மீறல்களைக் காட்டி கம்போடியாவின் சலுகையில் ஒரு பகுதியை ஐரோப்பா பறித்தது. ஒப்பந்தத்தை அப்படி ஒருதலையாக வெட்டுவது கடினம்.

சரி, யாருக்கு எது? தையலைத் தவிர வேறு தொழில் இல்லாத நாடு சலுகையிலேயே இருக்கட்டும். மிகப் பின்தங்கிய நாடுகளின் பட்டியலைவிட்டு வெளியேறப்போகும் நாடு இப்போதே பேரம் பேசத் தொடங்க வேண்டும்; வெளியேறிய 3 ஆண்டில் சலுகை முடிந்துவிடும்.