களைகளை உரநீராக்கும் 60 லிட்டர் டிரம்: பத்து மாத அனுபவம்

சென்ற ஆடி மாதத்தில், சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடையொன்றில் திரவ உரம் தயாரிப்பதற்கென்றே விற்கப்படும் 60 லிட்டர் நீல நிற டிரம் இரண்டை, ஒன்று 1,450 ரூபாய் வீதம் வாங்கினேன். ஒன்று கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. மற்றதை ஏற்காட்டில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பினேன். இந்தப் பத்து மாதத்தில் நான் ஒன்பது முறையும் அக்கா நான்கு முறையும் உரநீர் எடுத்துவிட்டதால், இதன் நிறைகுறைகளை இப்போது நிதானமாகச் சொல்ல முடிகிறது.

டிரம்முடன் ஒரு வலைப்பையும், அடியில் பொருத்திய குழாயும், திருகு மூடியும் வருகின்றன. பிடுங்கிய களைகளை நறுக்கி வலைப்பையில் அடைத்து, உள்ளே ஒரு கல்லையும் போட்டு மூழ்கவைத்து, முக்கால் டிரம் தண்ணீர் ஊற்றி மூடிவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த மூடி. காற்றில்லாமல் இலைகள் அழுகும்போது எழும் நாற்றம் லேசானதன்று. திறந்த வாளியில் ஊறவைத்த காலத்தில் பக்கத்து வீட்டாரிடம் நான் பலமுறை வருத்தம் தெரிவிக்க வேண்டியிருந்தது. இந்த மூடியின் நடுவில் சிறு துளையிட்டு, அதன்மேல் நுண்ணிய கம்பிவலை ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே உண்டாகும் வாயு அதன் வழியே வெளியேறிவிடுகிறது. கொசு உள்ளே போய் முட்டையிட முடியாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டைச் சுற்றித் தேங்கும் நீரில்தான் பெருகுகிறது என்பதால், இந்த ஏற்பாட்டை நான் பெரிதாக மதிக்கிறேன்.

குறை குழாயில் இருக்கிறது. அது டிரம்மின் அடியிலிருந்து அரை அங்குல உயரத்தில் பொருத்தப்பட்டிருப்பதால், வண்டல் முழுவதும் அதன் வாயில்தான் வந்து சேர்கிறது. மூன்றாம் முறை அருகம்புல் நாரும் சேறும் அடைத்துக்கொள்ள, நாற்பது லிட்டர் உரநீரையும் குவளையால் மொண்டு எடுக்க நேர்ந்தது. கடையில் போய்ச் சொன்னபோது, "தண்ணி பிடிக்கிற டிரம்முக்கு அங்கதாங்க குழாய் வெப்பாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உரத்துக்கென்றே விற்கும் பொருளுக்கு இது ஏற்கத்தக்க பதிலன்று. பிறகு பிளம்பர் ஒருவரிடம் 150 ரூபாய் கொடுத்துப் பழைய துளையை அடைத்து, மூன்று அங்குலம் மேலே குழாயை மாற்றிக்கொண்டேன்; அதன்பின் ஒருமுறைகூட அடைக்கவில்லை.

டிரம்மின்மேல் ஒட்டிய தாளில் 'ஏழே நாளில் உரம்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். இதை அப்படியே நம்பக் கூடாது. இலையில் உள்ள சாம்பல் சத்து (பொட்டாசியம்) நீரில் கரையும் நிலையிலேயே இருப்பதால் சில நாள்களில் இறங்கிவிடும். தழைச்சத்தின் (நைட்ரஜன்) பெரும்பகுதியோ புரதமாகக் கட்டுண்டிருப்பதால், நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்த பிறகே நீரில் சேரும். அந்த நுண்ணுயிர்களுக்கு வெப்பம் வேண்டும். சித்திரை வெயிலில் எங்கள் கொல்லையில் பன்னிரண்டாம் நாளே குமிழிகள் அடங்கி, நீர் கடுங்காப்பி நிறத்துக்கு வந்துவிட்டது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், இரவில் 15 டிகிரிக்கும் கீழே குளிரும் மார்கழியில், அக்காவுக்கு அதே பக்குவம் வர ஐந்து வாரங்கள் பிடித்தன. முதல் முறை தாளை நம்பி எட்டாம் நாளில் எடுத்த நீர் வெளிர்மஞ்சளாக இருந்தது. அதைச் செடிகளுக்கு ஊற்றியதில் சொல்லும்படியான பலன் எதுவும் இல்லை. நாள் கணக்கைவிடக் குமிழியையும் நிறத்தையும் பார்த்து எடுப்பதே சரி.

'எந்தச் செடியையும் போடலாம்' என்ற வரியும் திருத்தப்பட வேண்டும். துத்தி, குப்பைமேனி, நாயுருவி, மூக்கிரட்டை போன்றவற்றை விதை பிடிக்கும் முன் தாராளமாகப் போடலாம். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, கையுறை அணிந்து பிடுங்க வேண்டும். அது பலருக்குத் தோலில் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். களைக்கொல்லி தெளித்த களையை ஒருபோதும் சேர்க்கக் கூடாது, ஏனெனில் சில மருந்துகள் ஊறலிலும் அழியாமல் தங்கிச் செடியைக் கருக்கும்.

ஒரு பங்கு உரநீருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து வேரில் ஊற்றுகிறேன். நாற்றுகளுக்கு இருபது பங்கு. ஐந்து பங்கு மட்டும் கலந்து ஊற்றிய ஒரு கத்தரிச் செடியின் இலை நுனிகள் கருகிவிட்டன. வெளுத்துக் கிடந்த கறிவேப்பிலை மூன்றாம் வாரத்தில் பச்சை கட்டி, புதுக்கொழுந்து விட்டதைத் தினமும் பார்த்து மகிழ்ந்தேன். ஆனால் இந்நீரில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு என்பதால், காய்க்கும் செடிகளுக்கு எலும்புத்தூளையும் மண்ணில் இடுகிறேன். சமைக்காமல் தின்னும் கீரை, கொத்தமல்லியின்மேல் இதைத் தெளிக்க வேண்டாம்.

வலைப்பை ஆறாம் மாதத்தில் கிழிந்துவிட்டது. வெங்காய மூட்டை வலை அதைவிட நன்றாக உழைக்கிறது. டிரம்மின் உடலில் வெயில்பட்டும் ஒரு கீறல் இல்லை. குழாய்க் குறையையும் தாளில் உள்ள மிகைப்பேச்சையும் கழித்துப் பார்த்தாலும், கொடுத்த விலைக்கு இது தகும். சென்ற வாரம் அக்கா இன்னொன்று கேட்டதால் அதே கடைக்குப் போனேன். பணம் கொடுக்கும் முன்பே குழாயை மூன்று அங்குலம் மேலே வைத்துத் தரச் சொன்னேன், மறுப்பின்றி வைத்துக் கொடுத்தார்கள்.